ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600 செட்: தாராளமா வாங்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே பார்த்து எடுங்க

ஃபுல் எச்டி மானிட்டரில் கேம் ஆட, கைக்கு அடக்கமான பட்ஜெட்டில் இன்றைக்கும் நம்பி வாங்கக்கூடிய ஜோடி இது. ரைசன் 5 5600 ப்ராசசரில் 6 கோர், 12 த்ரெட். பாக்ஸிலேயே கூலரும் வரும். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி மெமரி, கரண்டுக்கு ஒரே ஒரு 8 பின் கனெக்டர், 132 வாட். வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் இதற்குத் தண்ணீர் பட்ட பாடு. புது பெரிய கேம்களுக்கு செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

“அதே விலைக்கு 3050 கார்டு தரேன்” என்று கடைக்காரர் சொன்னால், 8 ஜிபியா 6 ஜிபியா என்று முதலில் கேளுங்கள். பேர் ஒன்றுதான், கார்டு வேறு. 6 ஜிபி கார்டில் மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது, கோர் எண்ணிக்கையும் குறைவு. 70 வாட்தான் இழுக்கும் என்பதால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக அது நல்லது. புது செட்டுக்கு வேண்டாம். 6500 எக்ஸ்டி கார்டையும் தள்ளி வையுங்கள். மதர்போர்டோடு பேச அதற்கு 4 லேன், அதாவது 4 தகவல் பாதைதான். பி450 வகை மதர்போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும்.

கொட்டேஷனில் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான். “450 வாட்” என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 17 என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 17, 204 வாட். கார்டுக்கு 132, ப்ராசசர் முழு வேகத்தில் 76. இரண்டும் சேர்ந்தே 208 ஆகிறது. கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் டக்கென்று ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். மக்களோ கிராபிக்ஸ் கார்டு போச்சு என்று அதைக் கழற்றிக்கொண்டு அலைகிறார்கள். 550 வாட், ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ (Bronze) தரச் சான்று, 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல், சொந்தமாக 8 பின் ஒயர் உள்ளது: இதற்குக் கீழே இறங்காதீர்கள். மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் கனெக்டரிலிருந்து அடாப்டர் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஒயர் சூடேறி உருகலாம்.

யூபிஎஸ் கட்டாயம். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும். இந்த செட்டும் மானிட்டரும் அதற்குள் அடங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் பின்பக்க ஸ்விட்சை யூபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் மாறுகிற அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கேபினட்டைத் தொட்டால் சுரீரென்றால் வீட்டில் எர்த் சரியில்லை. அதைச் சரிபண்ணாமல் கேம் ஆட உட்காராதீர்கள்.

முன்பக்கம் கண்ணாடி மூடின கேபினட் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது, வலை முகப்பு எடுங்கள். கிரானைட் பட்டறை பக்கத்தில் வீடு இருந்தால் கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் அவசியம். தூசி தட்ட புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பேரிங் கெடாது.

ரேம் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக வேண்டாம். 8 ஜிபி இரண்டு, 3200 வேகம். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி 2, 4-இல் போட வேண்டும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்திருக்கிறார்களா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். அங்கே 2400 அல்லது 2666 காட்டினால் செய்யவில்லை. பி450 பழைய ஸ்டாக் என்றால் கடையிலேயே பயாஸ் அப்டேட் செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் 5600-க்கு டிஸ்ப்ளே வராது.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூருவின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு சுமார் 90 கிலோமீட்டர், தர்மபுரிக்கு சேலம் இன்னும் பக்கம். அங்கே நான்கு கடை ஏறி விலை கேட்கலாம். ஆனால் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் உள்ளூரில் வாங்குவதே புத்திசாலித்தனம். பழுதானால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம், பஸ் ஏற வேண்டியதில்லை. “பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்” என்பார்கள். ஒத்துக்கொண்டால் வாரன்டிக்குக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. ப்ராசசர் சீல் பாக்ஸா, பாக்ஸ் இல்லாமல் தனியாக வரும் ட்ரேயா என்றும் கேளுங்கள்: பாக்ஸுக்குக் கம்பெனி வாரன்டி 3 வருஷம், ட்ரே என்றால் கூலரும் வராது, கடைக்காரர் சொல்வதுதான் வாரன்டி. ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.