ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு நீர்க்கட்டிக்கு மூலிகை: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாங்கிய நாலு பொருள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புதினா டீ இன்றைக்கும் குடிக்கிறேன். இனோசிட்டால் என்ற சத்துப் பொடி டாக்டர் சொன்னதால் தொடர்கிறது. மரமஞ்சள் கேப்சூல் வேண்டாமென்று வைத்துவிட்டேன். அசோகாரிஷ்டத்தை மூடி திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தேன். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, கூடவே பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இருக்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். வயிறு பழைய அளவில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

எனக்கு கோயம்புத்தூரில் ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். அப்புறம் அமிலம் குறைந்துவிடும், பி12 உடம்பில் சேரத் தேவையான பொருளும் குறைந்துவிடும். அதனால் இரும்பு, கால்சியம் சிட்ரேட், பி12, வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் மாத்திரையாகப் போகவேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். மாதவிலக்கு இருக்கிற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்பது பொதுவான கணக்கு. ஆக ஒரு நாளின் மணிக்கணக்கு முழுக்க மாத்திரைகளுக்கே போய்விடுகிறது. எந்த மூலிகை வந்தாலும் அந்த நேரங்களுக்கு நடுவில்தான் இடம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மூணு மாசம், நாலு மாசம் என்று தள்ளிப்போன தீட்டு, எடை இறங்க இறங்கத் தானாகவே மாசாமாசம் வர ஆரம்பித்துவிட்டது. அப்போது நான் எந்த மூலிகையும் தொட்டிருக்கவில்லை. அதனால் "இதைக் குடித்தேன், மாதவிலக்கு சரியானது" என்று எந்தப் பொருளுக்கும் என்னால் பேர் வாங்கிக் கொடுக்க முடியாது. மிச்சமிருந்தது தாடையில் முளைக்கிற முடியும் பருவும். அதற்காகத்தான் கடை ஏறினேன்.

அசோகாரிஷ்டத்தைத்தான் முதலில் கையில் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் பெண்களுக்கு எது என்றாலும் அதுதான். அத்தையும் "நாங்கெல்லாம் குடிச்சதுதானே கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றார். அத்தை சொன்னது அவர் வயிற்றுக்குச் சரி. அரிஷ்டம் என்பது அசோகப்பட்டைக் கஷாயத்தில் வெல்லமும் தாதகிப்பூவும் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைக்கிற மருந்து. புளிக்கும்போது ஆல்கஹால் தானாக உண்டாகிறது. பாட்டிலிலேயே அந்த அளவு போட்டிருக்கும், 5 முதல் 10 சதவீதம் வரை. ஒரு வேளைக்குக் குடிப்பது கொஞ்சம்தான். ஆனாலும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆல்கஹால் ரத்தத்தில் ஏறுகிற வேகமே வேறு. வெல்லத்தின் சர்க்கரையும் குடலுக்குள் சட்டென்று இறங்கி, சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் கொண்டுவரும். பட்டையில் இருக்கிற துவர்ப்பு இரும்பு சேர்வதைத் தடுக்கும். இந்த மூன்றும் ஒரே பாட்டிலில்.

அதைவிட முக்கியமான விஷயம், அசோகாரிஷ்டத்தை ஆயுர்வேதத்தில் முக்கியமாகச் சொல்வதே அதிக உதிரப்போக்குக்குத்தான். தீட்டு வராமல் தள்ளிப்போகிற பிரச்சினைக்கு அதை நீட்டுவது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பட்டையிலும் கலப்படம் உண்டு. அசோக மரம் குறைந்துகொண்டே வருவதால் நெட்டிலிங்கப் பட்டையை அசோகமென்று விற்கிறார்கள். வெளியே பார்த்து நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பக்கம் அங்காடி மருந்துக் கடை என்று சொல்கிற நாட்டு மருந்துக் கடையில் இருக்கிற வயசான வைத்தியரைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆனதைச் சொன்னதும் பாட்டிலை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். "மோளே, வயிறு அறுத்த கதையை முதல்ல சொல்லணும். உன் டாக்டர் கொடுத்த சீட்டைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். சீட்டைக் கேட்கிற கடையில் வாங்குங்கள். அதே தெருவில் இன்னொரு கடையில் ஒன்றுமே கேட்காமல், பேர் ஒட்டாத பொடியைக் காகிதத்தில் மடித்து, "நீர்க்கட்டி கரையும்" என்று கொடுத்தார்கள். அதை நான் வாயில் வைக்கவில்லை. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக விளம்பரம் செய்யவே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

புதினாவுக்கு வருகிறேன். ஸ்பியர்மின்ட் டீ என்று ஆன்லைனில் அழகான டப்பாவில் நல்ல விலைக்கு வருகிறது. நம் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிற புதினா பெரும்பாலும் அந்த இனமேதான். வேலந்தாவளம் மார்க்கெட்டில் வாங்கி நிழலில் காயவைத்துக்கொள்கிறேன். துருக்கியில் 2007இல் ஒரு சின்ன ஆய்வும், இங்கிலாந்தில் 2010இல் 42 பெண்களை வைத்து இன்னொன்றும் வந்தன. இரண்டாவதில் தினமும் இரண்டு வேளை, 30 நாள் குடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கியது. முடி குறைந்த மாதிரி அந்தப் பெண்களுக்கும் தோன்றியது, ஆனால் முடியை அளந்து பார்த்தபோது மாற்றம் இல்லை. முடி வளர்ந்து உதிர்கிற சுற்று மாசக்கணக்கில் நடப்பதால் ஒரு மாசத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. எனக்குப் பரு அடங்கியிருக்கிறது. தாடை முடி மெலிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் எடையும் இறங்கியிருக்கிறதே, எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

குடிக்கிற விதம்: சர்க்கரை, தேன் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் எதையும் குடிக்கக் கூடாது என்பது எங்களுக்கு விதி, அதனால் நடுமதியம்தான் வசதி. இரும்பு மாத்திரையை விட்டு இதைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஸ்லீவ் ஆனவர்களுக்கு எதுக்களிப்பு அதிகம். நெஞ்செரிச்சல் கூடினால் நிறுத்திவிடுங்கள். பெப்பர்மின்ட் என்று போட்ட பாக்கெட்டை எடுக்காதீர்கள், அது இன்னும் தூண்டும்.

இனோசிட்டால் மூலிகையே இல்லை, மெடிக்கல் ஷாப் சரக்கு. ஆனாலும் எல்லோரும் ஒரே மூச்சில் கேட்பதால் சேர்க்கிறேன். இதில் இரண்டு வகை உண்டு, மயோ 40 பங்கு, டி-கைரோ 1 பங்கு என்ற கலவையில் பாக்கெட்டாக வருகிறது. பெரிய மாத்திரை விழுங்க முடியாத வயிற்றுக்குத் தண்ணீரில் கரைகிற பொடி நல்ல சௌகரியம். ஆரம்பத்தில் கொஞ்சம் வாயு சேர்ந்தது. 2023இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி இதற்கு ஆதாரம் குறைவு, கெடுதலும் குறைவு, விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. விலைக்கு அந்த அளவு பலன் போதுமா என்று ஒவ்வொருவரும் யோசிக்கத்தான் வேண்டும். சுவையூட்டிய பாக்கெட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மரமஞ்சளைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். அதில் இருக்கிற மருந்துப்பொருளான பெர்பெரின் என்ற பேரில் இப்போது எல்லா இடத்திலும் விற்கிறார்கள், சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையின் பேரை வைத்து "இயற்கை மெட்ஃபார்மின்" என்றுகூடச் சொல்கிறார்கள். கேரளத்தில் மரமஞ்சள் என்பது மலைக்காட்டுக் கொடி. வடக்கே இருந்து வருவது வேறு செடி. இரண்டிலும் பெர்பெரின் உண்டு. நான் வாங்கிய டப்பாவில் எந்தச் செடி என்றே போடவில்லை. மலையாளமும் இங்கிலீஷும்தான் இருந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாங்கினால் கடைக்காரர் சொல்வதுதான் வேதம். பெர்பெரின் சர்க்கரையை உண்மையிலேயே இறக்கும். அதனால்தான் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது. சாப்பாடே கையளவு இறங்குகிற நாட்களில் சர்க்கரை மேலும் இறங்கினால் தலைசுற்றும். வயிற்றுப்போக்கும் சகஜம், அப்போது போட்ட சத்து மாத்திரையும் வீண்.

எல்லாவற்றுக்கும் மேல், கர்ப்பத்தில் பெர்பெரின் ஆகவே ஆகாது. ஆபரேஷனுக்குப் பிறகு கருமுட்டை திடீரென்று சரியாக வர ஆரம்பித்துவிடும். வருஷக்கணக்கில் குழந்தை நிற்காதவர்களுக்கும் எதிர்பாராமல் நிற்கும். எடை வேகமாக இறங்கி, சத்தும் குறைகிற காலம் என்பதால் கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் டாக்டர்கள். ஸ்லீவ் இல்லாமல், குடலை மாற்றி இணைக்கிற பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுசாக உடம்பில் சேருமா என்பதே சந்தேகம், வேறு வழி கேட்டுக்கொள்ள வேண்டும். "எனக்கெங்கே நிக்கப் போகுது" என்று நினைத்துக்கொண்டு கேப்சூல் விழுங்குகிற தங்கச்சிகளை நினைத்தால் மனசு பதறுகிறது.

என்ன எடுத்தாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), பி12, வைட்டமின் டி, மூணுமாசச் சர்க்கரை, கல்லீரல் ஆகிய பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மூலிகை எடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். என் டாக்டர் திட்டவில்லை, சீட்டில் எழுதிக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து மூணாவது மாசத்திலிருந்து கொத்துக்கொத்தாக முடி கொட்டும்போது நாலு பேர் நாலு தைலம் சொல்வார்கள். அது எடை வேகமாக இறங்குவதால் வருவது. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் போகிறதா என்று முதலில் பாருங்கள், தைலக்காசை முட்டைக்கும் பயறுக்கும் வையுங்கள்.