மதுரையிலிருந்து ஒயின் சுற்றுலா: கம்பம் போதுமா, கர்நாடகம் போக வேண்டுமா?

‘கம்பம் ஒயின் டூர்’ என்று ஒரு பகல் பேக்கேஜை யாராவது உங்கள் நண்பர் குழுவுக்கு விற்க வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒயினை எங்கே, யார் ஊற்றித் தருகிறார்கள்? பதில் வழவழா கொழகொழா என்று வந்தால் அது தோட்டச் சுற்றுலா. அதுவும் நல்ல சுற்றுலாதான், ஆனால் ஒயின் சுற்றுலாவின் விலை அதற்கு ஆகாது. எங்கள் கணக்கில் மூக்குக்குக் கம்பம், நாக்குக்குக் கர்நாடகம். இரண்டையும் தனித்தனிப் பயணமாக வைத்துக்கொண்டால் இரண்டுமே தேறும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் வேன் சீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் மிஞ்சும்.

முதலில் கம்பம். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகச் சுமார் 115 கிலோமீட்டர். தேனி வரை ரயிலிலும் போகலாம், ஆனால் தோட்டங்கள் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று சிதறிக் கிடப்பதால் அதன் பிறகு வண்டி இல்லாமல் முடியாது. காலை ஆறு மணிக்கு மதுரையை விட்டால் ஒன்பது மணிக்குப் பந்தலுக்குள் இருக்கலாம். பதினொன்றுக்கு மேல் போனால் பறிப்பு முடிந்து பெட்டி கட்டும் வேலைதான் பார்க்கக் கிடைக்கும்.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கப்படும் ரகம் இதுதான். பிளாக் ஹாம்பர்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவும் கலந்து பிறந்தது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் வருடத்துக்கு ஒரு முறைதான் அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் குளிர்கால உறக்கம் கொடிக்குக் கிடையாது. கவாத்து வெட்டிய, அதாவது கொடியின் கிளைகளை நறுக்கிய, நாளிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் பழம் வந்துவிடும். ஒவ்வொரு விவசாயியும் வேறு வேறு நேரத்தில் கவாத்து வெட்டுவதால், ஒரே ஊரில் ஒரு தோட்டம் துளிரில், இன்னொன்று பூவில், அடுத்தது பறிப்பில் இருக்கும். அமெரிக்காவின் ஒயின் பள்ளத்தாக்கான நாபா போய் வந்தவர்களுக்கும் இந்தக் காட்சி புதிதாகவே இருக்கும். எந்த மாதம் போனாலும் எங்காவது பழம் உண்டு. வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும் வாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், வெடித்த பழத்தில் பூஞ்சை ஏறும், அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க வருபவரை வரவேற்கும் மனநிலையில் எந்த விவசாயியும் இருக்க மாட்டார்.

பந்தலுக்குள் தொங்கும் கொத்தை நேராகப் பறித்து வாயில் போடாதீர்கள். பழத்தின் மேல் சீராகப் படிந்திருக்கும் வெண்மை இயற்கை மெழுகு, விரலால் தேய்த்தால் போய்விடும். அங்கங்கே திட்டுத் திட்டாக நீலம் தெரிந்தால் அது பூஞ்சைக்கு அடித்த போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். அடிச்சாம்பல் நோய் இந்தப் பக்கம் அதிகம் என்பதால் மருந்தடிப்பும் அதிகம். கடைசியாக என்று அடித்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

இனி இந்தப் பயணத்தின் மதிப்பே இருக்கும் ஐந்து நிமிடம். கழுவிய பழம் ஒன்றை இரண்டு விரலால் அழுத்தி, சதையை மட்டும் வாய்க்குள் பிதுக்குங்கள். அதில் இருப்பது இனிப்பும் புளிப்பும். சாற்றில் நிறம் மிகக் குறைவு. அடுத்து தோலை மட்டும் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். ரோஜா வாசமும் கருநீலச் சாயமும் அதில்தான் இருக்கின்றன. அந்த வாசத்துக்குக் காரணமான ஜெரானியால், லினலூல் போன்ற சேர்மங்கள் ரோஜா எண்ணெயிலும் உண்டு. கடைசியாக விதையைக் கடியுங்கள். பழுப்பாகி மொறுமொறுப்பாக உடைந்தால் பழம் முதிர்ந்திருக்கிறது. பச்சையாக இருந்து நாக்கைச் சுருட்டினால் சீக்கிரம் பறித்துவிட்டார்கள். ஒயின் தயாரிப்பவர்கள் அறுவடை நாளைக் குறிப்பதற்கு முன் தோட்டத்தில் செய்யும் சோதனை இதுவேதான். சிவப்பு ஒயினுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது, ரோஸ் எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினில் ஏன் தோலைச் சில மணி நேரத்திலேயே பிரித்துவிடுகிறார்கள், துவர்ப்பு எங்கே பிறக்கிறது என்பதெல்லாம் ஒரே பழத்தில் புரிந்துவிடும். கர்நாடகத்தில் வழிகாட்டி ‘டானின்’ (துவர்ப்பு தரும் பொருள்) என்று சொல்லும்போது குழுவில் மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள், உங்களுக்கு அந்த விதை ஞாபகத்துக்கு வரும்.

பன்னீர் திராட்சையில் ஒயின் செய்ய முடியாதா என்றால், முடியும். சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு லிட்டரில் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும், 12.5 சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 210 கிராமுக்கு மேல் சர்க்கரை ஏற வேண்டும். சாப்பிடுவதற்காகப் பறிக்கும் பழம் பெரும்பாலும் அதற்கு முன்பே இறங்கிவிடும். இன்னொன்று, மஸ்கட் வகையில் சர்க்கரை முழுதும் தீர்ந்துவிட்டால் கடைசியில் ஒரு கசப்பு தட்டும். அதனால்தான் உலகெங்கும் மஸ்கட் ஒயின்களில் பெரும்பாலும் கொஞ்சம் இனிப்பை நிறுத்தி வைக்கிறார்கள். கபர்னே, சிராஸ் மாதிரியான ஒயின் திராட்சை ரகங்களுக்குக் கம்பத்தின் இரவு போதாது. பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. நந்தி மலை அடிவாரம் ஏறத்தாழ 900 மீட்டர். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு தங்கும், புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று இருக்கும்.

டிக்கெட் வாங்கி வரிசையாக ஐந்து கிளாஸ் ருசி பார்க்கும் அறையை எதிர்பார்த்துக் கம்பம் போகாதீர்கள். அந்த எதிர்பார்ப்பைத்தான் சாலையோர ‘ஹோம் மேட் ஒயின்’ பயன்படுத்திக்கொள்கிறது. கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், சரக்கைப் பாருங்கள்: லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டில், தூக்கலான பட்டை கிராம்பு வாசம், அதற்கும் மேலே சர்க்கரை. மசாலா வாசம் தூக்கலாக இருந்தால் அடியில் ஏதோ மறைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது காடி வாசம், இல்லாவிட்டால் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி. காற்றுப் படும்படி திறந்த டிரம்மில் புளிக்க வைத்தால் அசிட்டிக் பாக்டீரியா வந்து உட்காருவதைத் தடுக்க முடியாது. நொதித்தல் முடிவதற்குள் அடைத்த பாட்டில் வண்டிச் சூட்டில் மறுபடி பொங்கி மூடியைத் தள்ளும். வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குப் பழப்பெட்டி வாங்குங்கள். காம்பு பச்சையாக இருக்கிறதா, பெட்டியை லேசாகக் குலுக்கினால் பழம் உதிர்கிறதா என்று பார்த்து வாங்கி, டிக்கிக்குள் அடைக்காமல் ஏசி படும் இடத்தில் வையுங்கள்.

கர்நாடகத்துக்கு வருவோம். மதுரைக் குழுவுக்கு நடைமுறையில் இரண்டு ஒயினரி, அதாவது ஒயின் ஆலை: பெங்களூரு–மைசூரு சாலையில் சென்னபட்டணா அருகே உள்ள டொமைன் சூலா, தொட்டபள்ளாபுரம் அருகே நந்தி மலை அடிவாரத்தில் உள்ள குரோவர் ஜாம்பா. முதலாவது, 1990களின் இறுதியில் நாசிக்கில் கொடி நட்டுத் தொடங்கிய சூலாவின் கர்நாடகக் கிளை. குரோவர் 1988-ல் தொடங்கி, பிரெஞ்சு ஒயின் ஆலோசகர் மிஷெல் ரோலானை 1990களிலேயே அழைத்து வந்த நிறுவனம். கபர்னே சாவின்யோனும் சிராஸும் கலந்த ‘லா ரிசர்வ்’ அவர்களுடைய பேர் சொல்லும் பாட்டில்.

போக்குவரத்தை வைத்துத்தான் இதில் முடிவெடுக்க வேண்டும். மதுரை–பெங்களூரு வந்தே பாரத் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது மதியம்தான் பெங்களூரு சேரும், திரும்பும் வண்டியும் மதியமே புறப்படும். ஒயினரிக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்க இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கும். அதைவிட தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் வசதி. வெள்ளி சாயங்காலம் மதுரையில் ஏறினால் சனி காலை பெங்களூரு. அன்றிரவே திரும்பும் வண்டி பிடித்தால் ஞாயிறு காலை வீட்டில். அந்த வண்டி சென்னபட்டணா வழியாகத்தான் மைசூரு போகிறது என்பதால், முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது சென்னபட்டணா. எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதை டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஒயினை ஓரளவு தெரிந்த பிறகு, கொடியும் ஆலையும் மலையும் ஒரே இடத்தில் வேண்டும் என்று தோன்றினால் நந்தி மலை. சனி, ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைச் சாலை சூரிய உதயக் கூட்டத்தில் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் மதியச் சுற்றுக்குப் பதிவு செய்யுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை போனால் பழம் இறங்குவது, காம்பு நீக்கும் இயந்திரம், பிழிவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற மாதங்களில் ஸ்டீல் டாங்குகளும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களும் மட்டும்தான் காட்சி. வழிகாட்டியின் தரத்தை அளக்க ஒரு கேள்வி போதும்: வெள்ளை ஒயினை எந்த வெப்பநிலையில் நொதிக்க விடுகிறீர்கள்? 12 முதல் 18 டிகிரிக்குள் ஒரு எண்ணைச் சொல்லி, சூடு ஏறினால் வாசம் பறந்துவிடும் என்று காரணமும் சொன்னால் நல்ல கையில் மாட்டியிருக்கிறீர்கள். ‘எங்கள் ரகசியம்’ என்று சிரித்தால் மனப்பாடம் ஒப்பிப்பவர். காலால் திராட்சை மிதிக்கும் சடங்குக்குத் தனியாகப் பணம் கேட்டால் எங்கள் ஓட்டு வேண்டாம் என்பதுதான். போட்டோவுக்கு மட்டும் ஆகும்.

குழுவில் ஆறிலிருந்து பத்துப் பேர் இருப்பது சரி. பன்னிரண்டைத் தாண்டினால் டேஸ்டிங் மேசையின் இரு முனைக்கும் வழிகாட்டியின் குரல் எட்டாது, பின்னால் நிற்பவர்கள் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மதுரைக்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை: தலையில் மல்லிகைச் சரத்தோடு டேஸ்டிங் அறைக்குள் போகாதீர்கள். மல்லியின் வாசத்திலும் லினலூல் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நாலு பேருடைய கிளாஸிலும் மல்லிதான் மணக்கும். ஆண்களின் பாடி ஸ்பிரேவுக்கும் இதே தடை. முந்தின ஒரு மணி நேரம் வெற்றிலை, புகை, டிகிரி காபி வேண்டாம். காலையில் இட்லியோ பொங்கலோ வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மூன்றாவது கிளாஸுக்கு மேல் எதுவும் பிடிபடாது.

ஊற்றும் வரிசை ஸ்பார்க்ளிங் (நுரைக்கும் ஒயின்), வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின் என்று இருக்க வேண்டும். இனிப்பு முன்னால் வந்துவிட்டால் அடுத்து வருவதெல்லாம் புளிக்கும். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், கிண்ணத்தில் பிடித்தால் கைச்சூடு ஏறும். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றிய பின் ஒரு முறை முகர்ந்துவிட்டு, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுதும் படும்படி நாலைந்து நொடி வைத்திருங்கள். விழுங்கலாம், துப்பலாம். துப்புவதற்கென்றே ஜாடி வைத்திருப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. வெட்டி வைத்த ஆப்பிள் வாசமும் பழுப்பு நிறமும் இருந்தால் பாட்டில் முன்பே திறந்து காற்றில் கிடந்தது. இரண்டுக்கும் வேறு பாட்டில் கேட்பது உங்கள் உரிமை. கூட்டமான ஞாயிற்றுக்கிழமைகளில், எந்த ஒயினரியானாலும், காலையில் திறந்த பாட்டில் மாலை வரை ஓடும் அபாயம் உண்டு. அதனால், காலைச் சாலை நெரிசலுள்ள நந்தி மலை தவிர, முதல் சுற்றுக்கே பதிவு செய்வது நல்லது.

30 மில்லி வீதம் ஐந்து ஊற்றினால் 150 மில்லி, 12.5 சதவீத ஒயினில் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால். கேட்கச் சின்னதுதான். ஆனால் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மட்டும், முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ. உடல் எடை குறைந்தவர்கள் இந்த ஐந்து கிளாஸிலேயே எல்லையைத் தாண்டிவிடலாம். வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடாத ஆளாக இருக்கட்டும். அவருக்கும் டேஸ்டிங் டிக்கெட் எடுத்துவிட்டு ‘நீங்க சும்மா முகர்ந்து பாருங்க மாப்ளே’ என்று கிண்டல் செய்யாமல் இருங்கள்.

அங்கே பிடித்த பாட்டிலை மதுரைக்குக் கொண்டு வரும் ஆசையை விட்டுவிடுங்கள். வெளிமாநில மது எல்லைச் சோதனையில் சிக்கினால் பாட்டிலோடு வழக்கும் சேரலாம். ஒயினரி உணவகத்திலேயே திறந்து முடித்துவிடலாம். ஊருக்கு வந்த பிறகு டாஸ்மாக் எலைட் கடையில் வாங்குவதாக இருந்தால் லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். வெள்ளை ஒயின் இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வேண்டாம். தக்கை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. திருகு மூடி மட்டம் என்று நினைக்காதீர்கள், மதுரை வெயிலுக்கு அதுவே மேல். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ குடிக்கச் சொல்லும்போது அவர்கள் சொல்வது 16–18 டிகிரி அறையை. நம் வீட்டு 32 டிகிரிக்கு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ் வேண்டும். வெள்ளைக்கு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரு கைப்பிடி உப்பு, அரை மணி நேரம். கறிதோசைக்கும் மிளகுச் சுக்காவுக்கும் துவர்க்கிற கபர்னேவை எடுக்காதீர்கள். காரமும் டானினும் சேர்ந்தால் நாக்கு எரியும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர்ந்து, அந்தக் காரத்துக்குச் சரியாக நிற்கும். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஸ்பார்க்ளிங் என்றால் அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.