பழைய நாணயங்களைத் தூய்மை செய்ய அசிட்டோனும் லிக்விட் பாரஃபினும்: மும்பையில் ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளி ரூபாய்களும் செப்புக் காலணாக்களும் அடங்கிய ஒரு சிறு சேகரிப்பை மாட்டுங்காவில் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதற்கு நான் இன்றும் தொடர்ந்து பயன்படுத்துபவை விரைவில் ஆவியாகும் கரைப்பானான அசிட்டோன், காய்ச்சி வடித்த நீர், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்ற தாது எண்ணெய் ஆகிய மூன்று மட்டுமே. நாணயத்தின்மேல் வந்து ஒட்டியதை இவை நீக்கும். உலோகமே காற்றோடு வினைபுரிந்து அடைந்த நிறத்தைத் தொடா. இவற்றை நான் நம்புவதற்குக் காரணம் அதுதான். கறுத்த ரூபாய் புதிதுபோல் மின்ன வேண்டும் என்று விரும்புவோருக்கு இவை ஏமாற்றமே தரும்.

நம் குடும்பங்களில் பழைய வெள்ளி ரூபாய்கள் பெரும்பாலும் பூசையறையிலிருந்து வருபவை. ஆகவே 1862 ஆம் ஆண்டு என்று பொறித்த விக்டோரியா ரூபாயின் உடைப் பூவேலைப்பாட்டில் சந்தனமும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து இறுகிக் கிடப்பது வழக்கம். அத்தகைய நாணயத்தை முதலில் ஓர் இரவு காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டால் சந்தனம் இளகிவிடும். பிறகு அதை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் இட்டால், மஞ்சளின் நிறம் கரைந்து திரவத்தில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அழுக்குச் சேர்ந்த அசிட்டோன் உலரும்போது மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும் என்பதால், புதிய அசிட்டோனில் இரண்டாம் முறை முக்குவதை நான் தவிர்ப்பதே இல்லை. அதன்பின் துடைக்க வேண்டியதில்லை. விளிம்பைப் பிடித்து எடுத்து, மென்மையான துணிமேல் வைத்தால் தானே உலர்ந்துவிடும்.

நகப்பூச்சு நீக்கிகளில் மணமும் எண்ணெயும் கலந்திருப்பதால் அவை இதற்கு உதவா. கலப்பற்ற அசிட்டோனே தேவை. பிளாஸ்டிக் கிண்ணத்தையும் அது கரைக்கக்கூடும். அதன் ஆவி மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடியது. சமையலறையும் கூடமும் ஒன்றாயிருக்கும் மும்பை வீடுகளில் அடுப்பும் விளக்கும் எரியாத நேரத்தில், சன்னலைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

அசிட்டோனின் உண்மையான பயனை நான் உணர்ந்தது மழைக்காலங்களில்தான். மலிவான, வளையக்கூடிய பிவிசி எனும் பிளாஸ்டிக்கால் ஆன ஆல்பங்களின் தாள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, நாணயத்தின்மேல் பச்சை நிறப் பிசுக்கை ஏற்படுத்துகின்றன. தொடக்க நிலையில் அசிட்டோன் அதை முழுமையாக நீக்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பிசுக்கு ஏற்கெனவே செம்பை அரித்திருந்தால், அந்தக் குழியை எந்தத் திரவமும் நிரப்பாது. எனவே பாலியெஸ்டர் உறைகளுக்கு மாறுவதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து அவ்வப்போது மாற்றுவதும் எந்தத் தூய்மைப் பொருளையும்விட மேலான செலவு என்பேன்.

மண் இறுகிய செப்புக் காசுகளுக்கு லிக்விட் பாரஃபின் பொருத்தமானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. வாரக்கணக்கில் ஊறிய பின்னரே மண் நெகிழ்கிறது. அப்போதும் மூங்கில் குச்சியின் முனையால் மெல்லத் தள்ள வேண்டுமே ஒழியச் சுரண்டக் கூடாது. ஆலிவ் எண்ணெயைப் பலர் பரிந்துரைத்தாலும், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நாளடைவில் செம்போடு வினைபுரியும் என்பதால் நான் பாரஃபினையே விரும்புகிறேன்.

புளி, எலுமிச்சை, விபூதி மூன்றும் குத்துவிளக்குக்கு உரியவை. வரலட்சுமி நோன்புதோறும் விபூதியால் தேய்க்கப்பட்ட ரூபாயை உருப்பெருக்கியின்கீழ் சாய்த்துப் பார்த்தால், ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் தெரியும். மும்பையின் கோட்டை (ஃபோர்ட்) பகுதி நாணய வியாபாரிகள் விலை சொல்லும் முன் தேடுவதும் அதையே. வெள்ளியை முக்கி எடுக்கக் கடைகளில் விற்கும் திரவங்கள் கீறுவதில்லை என்றாலும், அவற்றிலுள்ள தயோயூரியாவும் அமிலமும் கருமையோடு மேற்பரப்பின் ஒரு நுண்படலத்தையும் எடுத்துவிடுகின்றன. அச்சு அழுத்தும்போது உலோகம் பாய்ந்து உண்டான நுண்வரிகளே இயல்பான பளபளப்புக்குக் காரணம். அவை போனபின் எஞ்சுவது உயிரற்ற வெண்மை. பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும் கொண்ட முறை வெள்ளியைக் குறைவாகவே இழக்கச் செய்யும், ஆயினும் அதன் விளைவும் செயற்கையாகவே தோன்றுவதால் நான் கைவிட்டுவிட்டேன்.

சோழர் செப்புக் காசு போன்றவற்றில் காணும் கெட்டியான, கரும்பச்சைக் களிம்பு காசைக் காப்பது, அதை விட்டுவிடலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது வேறு வகை. குளோரைடு உப்பு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பைத் தொடர்ந்து தின்பதன் அடையாளம் அது. கடற்காற்று வீசும் இந்நகரில் அது விரைவாகவே முற்றும். அசிட்டோனுக்கும் பாரஃபினுக்கும் அதை நிறுத்தும் ஆற்றல் இல்லை. அத்தகைய காசை உடனே சிலிக்கா ஜெல்லுடன் தனி டப்பாவில் அடைத்து, உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுவதே நான் பின்பற்றும் வழி.