மாடியிலிருந்து தெரியும் பள்ளிக்கு ஐம்பது நிமிடம்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு மாற்றலாகி வரவிருக்கும் தோழி ஒருவர், "பிள்ளைகள் படிப்பை வைத்து மனை வாங்குவதென்றால் எந்தப் பக்கம் நல்லது? உங்கள் பக்கம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் பள்ளி வேன் ஓட்டுநரோடு ஒரு வாக்குவாதம் முடிந்திருந்தது. ஆகவே இதில் சூடு கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படிக்கவும்.

நாங்கள் இருப்பது இலக்கியம்பட்டியைத் தாண்டி அதியமான்கோட்டை போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு மனைப்பிரிவு. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். அதில் குறையில்லை, எழுதவும் ஒன்றுமில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்ததற்கு ஒரே காரணம் பள்ளிகள். சுற்றுவட்டாரத்தில் மெட்ரிக் பள்ளி உண்டு, சி.பி.எஸ்.இ. உண்டு, நடந்துபோகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் உண்டு. மனையைக் காட்டிய தரகர், "பள்ளிக்கூடம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது" என்றார். பொய் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நின்றால் மகள் படிக்கும் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் காலை இறைவணக்கம்கூடக் கேட்கிறது.

அந்தப் பள்ளிக்குப் போக என் மகள் காலை 7.10க்கு வேன் ஏறுகிறாள். பள்ளி வாசலில் இறங்கும்போது மணி எட்டு.

விஷயம் இதுதான். வேன் காலையில் பள்ளியிலிருந்து புறப்படுகிறது. பக்கத்தில் இருப்பதால் முதல் நிறுத்தம் எங்கள் தெரு. இவளை ஏற்றிக்கொண்டு நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போய், அங்குள்ள பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குத் திரும்புகிறது. மாலையில் அதே சுற்று தலைகீழாக ஓடுகிறது, நாங்கள் கடைசி. காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியில் இறங்கும் பாக்கியம், பள்ளிக்கு மிக அருகில் வீடு வாங்கியவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். திரும்பி வரும்போது எங்களை ஏற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தோம். அப்போது வேன் நிறைந்துவிடும், முதலில் ஏறினால்தான் உட்கார இடம் என்றார் ஓட்டுநர். பள்ளி அலுவலகத்தில் கேட்டால், வழித்தடம் எல்லோருக்கும் பொது என்றார்கள். வேன் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால் எங்களுக்குத்தான் மிகக் குறைவு. கட்டிய காசுக்கு அதிகமாகப் பயணம் செய்யும் குழந்தை இந்த மாவட்டத்திலேயே என் மகளாகத்தான் இருக்கும்.

பள்ளி வாகனங்களுக்கென்று 2012இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசரக் கதவு, படிக்கட்டு உயரம், முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழந்தை வேனுக்குள் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த மைதானத்தில் எப்படிப் பார்ப்பது?

நீங்களே கொண்டுபோய் விடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கும் பள்ளிக்கும் நடுவே நான்கு வழிச்சாலை கிடக்கிறது. சுரங்கப்பாதை வரை போய்ச் சுற்றி வர வேண்டும். அந்தச் சர்வீஸ் சாலையில் எதிர்த் திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்குக் கணக்கே இல்லை. தொப்பூர்க் கணவாயை நோக்கிப் பறக்கும் லாரிகளுக்கு நடுவே ஒரு பிள்ளையைத் தனியாக நடக்கவிடும் தைரியம் எனக்கு இல்லை. கணவர் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். தேய்பிறை அஷ்டமி அன்று இன்னும் விசேஷம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் கூட்டத்தில் வேன் சிக்கினால், பிள்ளை வீடு வந்து சேரும்போது விளக்கு ஏற்றியிருப்போம்.

வீட்டு முகவரியைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் எல்லைக்கோடு நம் ஊர்த் தனியார் பள்ளிகளுக்குக் கிடையாது. பணம் கட்டினால் பென்னாகரத்திலிருந்தும் வரலாம். தூரம் சட்டமாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இந்த ஒரு கிலோமீட்டருக்காகவே எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்த குடும்பம் ஒன்று உண்டு. குலுக்கலில் பெயர் வரவில்லை. வாடகை ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். 2025இல் மத்திய அரசின் நிதி வராததால் கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. இதை நம்பி மனை வாங்க வேண்டாம் என்று தோழிக்கு அழுத்திச் சொல்லுவேன்.

சரி, திட்டியது போதும். இளையவன் கதை வேறு. மூத்தவள் படும் பாட்டைப் பார்த்து, அவனை ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தோம். என் மாமியார் ஒரு வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவர்தான் அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார், ஐந்து நிமிட நடை. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. வீட்டில் உப்புமா என்றால் ஓடி ஒளிபவன் அங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறானாம். அக்கா தூக்கம் கலையாத கண்ணோடு வேனில் ஏறும்போது இவன் போர்வைக்குள் இருக்கிறான். ஆனால் இரண்டே ஆசிரியர்கள்தான் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று பாடம் நடக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியும் அவனுடைய தமிழ் எழுத்து அக்காவினுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. இதற்கு அவளுக்குக் கோபம்.

தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்து இடம் தேடினால் போதாது. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றாலும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வேண்டுமென்றாலும், அரசுப் பள்ளியில் படித்த கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஆறாம் வகுப்பில் எங்கே போடுவது என்பதை மனை பார்க்கும்போதே யோசிக்க வேண்டும். அதியமான் அரசு ஆண்கள் பள்ளி, அவ்வையார் அரசு பெண்கள் பள்ளி இரண்டும் நகரத்துக்குள் இருக்கின்றன. டவுன் பஸ்ஸில் போய்வரலாம்.

எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் பள்ளிக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு உண்டு. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் விழும் கறை பிறகு தேய்த்தாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தவிர்க்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இங்கே வருகிறது, ஆனால் தினமும் வராது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்திருக்கிறோம்.

ஆக, தோழிக்கு என் பதில்: இந்தப் பக்கம் வேண்டாம். நகரத்துக்குள்ளேயே பாரதிபுரம் பக்கம் பழைய வீடாக இருந்தாலும் வாடகைக்குப் பாருங்கள். இங்கே மனை பார்த்தே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வராதீர்கள், அப்போது எல்லாமே அழகாக இருக்கும். வேலை நாளில் காலை ஏழு மணிக்கு வந்து நில்லுங்கள். எந்த வேன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரு முனையில் நிற்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். தரகருக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் எதிர்மனை இப்போது விலைக்கு வந்திருக்கிறது. தோழியிடம் சொல்லவில்லை, என் தம்பியை முன்பணம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவன் மகளுக்கு மூன்று வயது. ஒன்றியப் பள்ளிதான், வேன் கிடையாது என்று அவன் மனைவியிடம் இப்போதே பேசி முடித்தாயிற்று.