பிளம்பிநட்: நைஜரில் கடலை விழுதும் கை நாடாவும்

பிளம்பிநட், கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்குப் பாக்கெட்டில் வரும் சிகிச்சை உணவு. பிரித்ததும் வேர்க்கடலை வாசனை. கடலைமிட்டாயைப் பால்பவுடரோடு சேர்த்து அரைத்தது போல நல்ல இனிப்பு. சாப்பிடுவது எலும்பும் தோலுமாகிப்போன குழந்தை, வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் யுனிசெஃப். ஆகவே இதை ருசிக்காக மதிப்பிட்டுப் பயனில்லை.

பிரான்சில் குழந்தை ஊட்டச்சத்து நிபுணர் ஆந்திரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் 1996-ல் இதை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு எஃப்-100 என்ற சிகிச்சைப் பால்தான். அதைக் கலக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கலக்கியது சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தாய் வாரக்கணக்கில் சிகிச்சை மையத்திலேயே தங்க வேண்டும். மற்ற பிள்ளைகளையும் கம்பு வயலையும் யார் பார்ப்பது? பிளம்பிநட்டில் தண்ணீரே சேர்ப்பதில்லை, கிருமி வளர ஈரம் கிடையாது. குளிர்பெட்டி இல்லாமல் 24 மாதம் தாங்கும். மருத்துவமனைக்குள் இருந்த சிகிச்சை வீட்டுக்கு வந்தது இதனால்தான். 2005-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் பஞ்சம் வந்தபோது பல்லாயிரம் குழந்தைகளுக்கு இப்படிச் சிகிச்சை தர முடிந்தது.

ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. 7 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று பாக்கெட். 150 பாக்கெட் கொண்ட ஓர் அட்டைப்பெட்டியில் ஏறக்குறைய ஒரு குழந்தை தேறிவிடும். கடலைமிட்டாயே போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. மெலிந்த உடலில் பொட்டாசியம், துத்தநாகம், மக்னீசியம் எல்லாம் வற்றிப்போயிருக்கும். மிட்டாயில் அவை போதிய அளவில் இல்லை, பால் புரதமும் இல்லை. மெல்லவும் அந்தக் குழந்தைக்குத் தெம்பு இருக்காது.

கொடுக்கும் விதத்தில்தான் தவறுகள் நடக்கின்றன. சூட்டில் எண்ணெய் பிரிந்து நிற்கும். பிசைந்த பிறகே மூலையைக் கிழிக்க வேண்டும். தாய்ப்பால் முதலில், பாக்கெட் பிறகு. பக்கத்தில் குடிதண்ணீர் இருந்தாக வேண்டும். ஆறு மாதத்துக்குள் கொடுக்கவே கூடாது. முதல் நாள் ஊழியர் முன்னிலையில் குழந்தை தானாகச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், உள்ளே தொற்றோ வேறு சிக்கலோ இருக்கலாம். வாயில் திணிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரும்புச்சத்து ஏற்கனவே இதில் இருப்பதால் தனியாக இரும்பு மாத்திரை தேவையில்லை.

பெரிய குறை பாக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கணக்கிட்ட அளவை, பசியோடு நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்புகிறோம். அண்ணன் கையில் ஒன்று போகும், ஒன்று சந்தைக்கும் போகும். தாயைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. எடை ஏறவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதுதான். வீட்டுக்கென்று தனியாகத் தானியம் கொடுத்தால் பங்குபோடுவது குறையும்.

அடுத்தது, வந்து சேருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குதிர் காலி, மழை, மலேரியா, சேற்றுப் பாதை எல்லாம் ஒன்றாக வரும். அப்போதுதான் தேவை உச்சம். ஆகவே சரக்கு மழைக்கு முன்பே மாவட்டக் கிடங்கில் இருக்க வேண்டும். உள்ளூரிலேயே தயாரித்தால் தூரம் குறையும், நைஜரில் ஆலையும் இருக்கிறது. ஆனால் ஈரத்தில் வைத்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஏறிவிடும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்காமல் முடியாது. அமெரிக்காவிலிருந்து வரும் சரக்கையும் நம்பியிருக்க முடியாது என்று 2025-ல் தெரிந்தது: அந்நாட்டு அரசு உதவியை நிறுத்தியதும் பெட்டிகள் கிடங்கிலேயே முடங்கின.

மெலிவை அளப்பது மேல்கையில் சுற்றும் ஒரு வண்ண நாடா. சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிகிச்சையில் சேர்ப்பார்கள், 125-ஐ எட்டி அடுத்தடுத்த இரண்டு வருகைகளில் அங்கேயே நின்றால் விடுவிப்பார்கள். பிறகு வீட்டில் மறுபடி கம்பங்கூழ். சில மாதங்களில் சிலர் திரும்பவும் மெலிவார்கள். ஆகவே அந்த வண்ண நாடாவை அம்மாவிடமே கொடுத்துவிடுவது நல்லது. நைஜரின் சிந்தேர் பகுதியில் அம்மாக்கள் பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கு ஈடாகவே அளந்தார்கள். குழந்தைகளும் நோய் முற்றுவதற்கு முன்பே மையத்துக்கு வந்தார்கள்.