செல்ஃப் எடுக்காத காலையில் எது கைகொடுக்கும்?

டெல்டாவில் கேரவன் ஓட்டுகிறவர்களுக்குச் சரிவு என்ற வசதி கிடையாது. மலைப்பக்கம் என்றால் கியரைப் போட்டு உருட்டிவிடலாம். திருவாரூர் தாண்டி வேதாரண்யம் வரை தரை தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. மூன்று டன் வேனை ஐப்பசிச் சேற்றில் யார் தள்ளுவது? ஆக, தள்ளு ஸ்டார்ட் கணக்கிலேயே இல்லை.

பல வருடம் நான் நம்பியது ஜம்பர் கேபிளைத்தான், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியோடு நம் பேட்டரியை இணைக்கிற ஒயர். விலை குறைவு, சார்ஜ் போட வேண்டாம். ஒரு டிசம்பரில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போனோம். இரவு முன்கேபின் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். விடிகாலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்'. டிராக்டரில் வந்த பெரியவர், "என்ன தம்பி, செல்ஃப் எடுக்கலையா?" என்று தானாகவே நிறுத்தினார். அதுவும் 12 வோல்ட்தான், தோதாகப் போயிற்று. (பெரிய லாரி, பஸ் பலவற்றில் 24 வோல்ட், அவற்றில் மாட்டிவிடாதீர்கள்.) ஆனால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சேறு, என் கேபிளோ எட்டடி. ஒருவழியாக மாட்டினால் மெல்லிய கம்பி கையைச் சுட்டது. கால்மணி நேரம் டிராக்டரை ஓடவிட்ட பிறகுதான் வேன் முனகிக்கொண்டே எடுத்தது.

அப்புறம்தான் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினேன். பவர் பேங்க் மாதிரி ஒரு பெட்டி, கிளிப்பை வண்டி பேட்டரியில் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். இதற்கு இன்னொரு வண்டி வேண்டாம், அதுதான் பெரிய விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 12000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கு. மொத்தம் 44 வாட்-மணிதான். பேட்டரியை நிரப்ப அது போதாது, சில விநாடி உந்தித்தள்ளும், அவ்வளவே. உச்ச ஆம்பியரை விட்டுவிட்டு, எத்தனை லிட்டர் டீசல் இன்ஜினுக்கு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பேட்டரி அடியோடு செத்திருந்தால் கிளிப் அதை உணராது, பூஸ்ட் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். பல மாடல்களில் அப்போது தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பு வேலை செய்யாது. சிவப்பு, கறுப்பை இரண்டு தடவை பாருங்கள்.

அதன் எதிரி வெயில். கத்திரியில் பூட்டிய வேனின் டேஷ்போர்டில் வைத்தால் செல் உப்பிவிடும். எங்கள் வேனில் அது கீழ் அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ்: பொங்கல், சித்திரைப் பிறப்பு, ஆடிப்பெருக்கு, தீபாவளி. மறக்காது.

வேனுக்குள் ஃபேனும் விளக்கும் ஓடும் பேட்டரி இருக்கிறதே, அதில் எடுக்கலாமே என்பார்கள். அது லித்தியம் என்றால் நேரடியாக முயலாதீர்கள். டீசல் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் 100 ஆம்பியர் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் சட்டென்று கட் ஆகிவிடும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே இணைப்பு சுவிட்ச் இருந்தால் கால்மணி நேரம் போட்டுவைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியிருந்தால் அதுவும் காலியாகத்தான் இருக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜம்ப் ஸ்டார்ட்டர்தான். கேபிளையும் தூக்கி எறியவில்லை, தடிமனானதாக மாற்றி வைத்திருக்கிறேன்.

போன மாசி மாதம் தரங்கம்பாடியில் மறுபடி 'டக்'. ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தால், கடல்காற்றில் பேட்டரி முனையில் பச்சை பூத்து, கிளாம்ப் கையால் ஆட்டினாலே ஆடியது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். ஒரே திருப்பில் எடுத்தது. ஜம்ப் ஸ்டார்ட்டர் உறை பிரிக்காமலே அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.