சுவாமிமலைச் சிலையும் அம்மாவின் சக்கர நாற்காலியும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் கும்பகோணம் போக நாங்கள் சென்னையைச் சுற்ற வேண்டியதில்லை. தஞ்சாவூர் வழியாகக் காரில் வந்துவிடலாம். இந்த முறை அம்மாவையும் அழைத்துப் போனேன். அவர் பிறந்து வளர்ந்த ஊர். கோயில் தரிசனத்தோடு, உலோகச் சிலை வார்ப்புக்குப் பேர்போன பக்கத்து ஊரான சுவாமிமலையில் ஒரு சோமாஸ்கந்தர் (சிவன், பார்வதி, நடுவில் குழந்தை முருகன்) சிலைக்கு ஆர்டர் கொடுப்பதும் எங்கள் திட்டம்.

முதலில் பணம். ஆட்டோ, பூக்கடை, இளநீர் வண்டி என்று எங்கும் கியூஆர் அட்டைதான். வெளிநாட்டு கார்டில் பணம் கட்டும்போது ஓடிபி சிங்கப்பூர் எண்ணுக்குப் போகும். ரோமிங் சரியில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு விடுதிக் கட்டணம் கட்டும்போது அப்படித்தான் ஆனது. கையில் ரொக்கம் இருக்கட்டும், சில்லறையாகவே.

கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் வயதானவர்களோடு போனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். கும்பேஸ்வரர் கோயிலில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கடைகள் உள்ள மண்டபத்தில் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடிந்தது. சாரங்கபாணி கோயிலில் அப்படி இல்லை. தேர் வடிவிலான கருவறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். அங்கே இருந்த இரண்டு இளைஞர்கள், யாரும் கேட்காமலே, "பாட்டி, பயப்படாதீங்க" என்று நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு மரச் சாய்தளம் இருந்தால் அம்மா அப்படிக் கூச்சப்பட்டிருக்க வேண்டாம்.

மனம் நிறைந்தது சுவாமிமலையில்தான். பட்டறையில் ஸ்தபதி நீளமான தென்னை ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து மடித்து மடித்துக் காட்டினார். ஒடியோலை என்கிறார்கள். சிலையின் உயரத்துக்கு நறுக்கிய ஓலை அது. முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே வரும் என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் நைசான காவிரி வண்டலைப் பூசி, அப்புறம் கெட்டி மண் பூசிக் காயவைக்கிறார்கள். சூடாக்கினால் மெழுகு வழிந்தோடிவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு திரும்பக் கிடைக்காது. அதன் பிறகு உளி வேலைக்கே வாரக்கணக்கில் ஆகும். எனவே பயணத்தின் கடைசி நாளில் போய் ஆர்டர் கொடுத்துப் பயனில்லை. முதல் நாளே போய்விடுங்கள்.

"எப்படிங்க அனுப்புவீங்க?" என்று கேட்டேன். "தொல்லியல் துறைச் சான்று வாங்கித்தான் சார் அனுப்புவோம்" என்றார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் வெளிநாடு கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. இது பழம்பொருள் அல்ல, புதிதாகச் செய்தது என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்று இருந்தால் சுங்கத்தில் பிரச்சினை வராது. எத்தனை கோயில் சிலைகள் களவு போயின என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி நியாயமாகவே படும். வேலை நடக்க நடக்க ஸ்தபதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். சிலைக்குக் கண் செதுக்கித் திறக்கும் முன் ஒரு முறை, "அம்மாகிட்ட காட்டிட்டுச் சொல்லுங்க, முகம் சரியா இருக்கான்னு" என்றார். இந்த அக்கறை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

கையோடு எடுத்து வர நாச்சியார்கோயில் குத்துவிளக்குதான் வசதி. அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று மரை கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். எடையை மட்டும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் குளத்து நீராடல் திருவிழாவான மகாமகம் அடுத்து 2028 மாசியில் வருகிறது. குளக்கரைக்கு வெள்ளையடிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஒரு சாய்தளம், இரண்டு சக்கர நாற்காலி, முதியவர்கள் உட்கார்ந்து எழக்கூடிய சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று ஊர்க்காரர்களும் நாமும் இப்போதே மனுக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.